மூங்கிலில் தூண்டில் தடி: பற்றையில் வெட்டுவதிலிருந்து கடலில் இறக்குவது வரை

பின்னேரத்தில் யாழ்ப்பாணத்தின் பண்ணைப் பாலத்தடியிலோ நாவற்குழிப் பாலத்தடியிலோ போய் நின்றால் மூன்று விதமான மூங்கில் தடிகள் கண்ணில் படும். ஒன்று, மீன் எதுவும் கொளுவாமலே நுனி தொங்கிப்போய் இருக்கும். அடுத்தது, நெடுக வெடித்து, வெடிப்புக்கு மேலே கறுப்பு ரேப் சுற்றியிருக்கும். மூன்றாவது, நிறம் பழுத்து, அம்புபோல நேராக, கையில் எடுத்தால் பாரமே தெரியாமல் இருக்கும். இந்த மூன்றும் ஒரே பற்றையில் வெட்டினவையாகக்கூட இருக்கலாம். எந்த வயதில் வெட்டினார்கள், எப்படிக் காயவைத்தார்கள் என்பதுதான் அவற்றைப் பிரித்தது. நூல் சுற்றுவதும் வார்னிஷ் பூசுவதும் அதற்குப் பிறகுதான். பச்சைத் தடியில் எவ்வளவு வடிவாக வேலை செய்தாலும் அது ஒரு மழைக்காலம் தாங்காது.

கைவேலை மொத்தமாக இரண்டு நாள்தான். ஆனால் வெட்டிய நாளிலிருந்து தூண்டில் போடும் நாள் வரை இரண்டரை மாதம் வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு.

எந்த மூங்கில்

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மண்ணில் மூங்கில் தானாகக் காடாக வளர்வதில்லை. கிடைக்கிற வழிகள் மூன்று.

முதலாவது, சில வீட்டு வளவுகளிலும் கிணற்றடி வாய்க்கால் ஓரங்களிலும் நட்டிருக்கும் பச்சை மூங்கில், மஞ்சள் மூங்கில். இவை பருமனாக வளரும். அடித்தண்டு தூண்டிலுக்கு உதவாது, கைப்பிடிக்குள் அடங்காது. ஆனால் அதே மூங்கிலின் பக்கக் கொப்புகளைப் பாருங்கள். நன்றாக முற்றிய புதரில் பத்தடிக்கு மேல் நீண்ட கொப்புகள் இருக்கும். உள்ளே துவாரம் மிகச் சிறியதாக, ஏறக்குறையக் கட்டையாகவே இருக்கும். வெட்டியவுடன் வளைவாகத் தெரிந்தாலும் தணலில் நிமிர்த்திவிடலாம். உறுதிக்கு நாங்கள் முதலில் தேடுவது இந்தக் கொப்பைத்தான்.

இரண்டாவது, வேலிக்கும் அழகுக்கும் நடுகிற சிறுமூங்கில். தண்டு பெருவிரல் பருமன், கணுக்கள் சமதூரத்தில் இருக்கும், பெரும்பாலும் நேராகவும் நிற்கும். சுவர் மெல்லியது, உள்ளே கோறை. சிறு மீனுக்கு மிக நல்ல தடி, ஆனால் கணுக்களுக்கு நடுவிலும் நூற்கட்டுப் போடாவிட்டால் பிளக்கும்.

மூன்றாவது, மரக்காலையில் பந்தலுக்கும் சாரத்துக்கும் விற்கிற மூங்கில். இவை தெற்கே மழை கூடிய பகுதிகளிலிருந்து லொறியில் வருபவை. முழுத்தடி வாங்கத் தேவையில்லை, நுனிப்பக்கத்தைக் கேளுங்கள். ஆனால் எப்போது வெட்டியது, வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாது. வாங்க முன்னர் நிலத்தில் தட்டிப் பாருங்கள். குண்டூசி முனை அளவில் துளைகளும் தட்டும்போது மாப்போலத் தூளும் விழுந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அந்தத் தடியை இலவசமாகத் தந்தாலும் வளவுக்குள் கொண்டுவராதீர்கள், மற்றத் தடிகளுக்கும் அது பரவும்.

தேடவேண்டிய அளவு இது. நீளம் 10 முதல் 12 அடி. அடிப்பக்கக் குறுக்களவு 22 முதல் 28 மி.மீ. நுனியில் 5 முதல் 7 மி.மீ. அடியிலிருந்து நுனி வரை படிப்படியாக ஒடுங்க வேண்டும். நடுவில் திடீரென்று மெலிகிற தடி அந்த இடத்தில்தான் முறியும். அடிப்பக்கத்தை வெட்டிப் பார்க்கும்போது சுவரின் தடிப்பு குறுக்களவில் கால் பங்காவது இருந்தால் நல்லது.

வயது பார்த்து வெட்டுதல்

மூங்கில் முளைத்து சில மாதங்களிலேயே முழு உயரத்துக்கு வந்துவிடும். அதன்பின் அது உயரவும் மாட்டாது, பருக்கவும் மாட்டாது; உள்ளே நார்தான் முற்றிக்கொண்டு போகும். அதனால் உயரத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. ஒரு வருடத்துத் தடியும் நாலு வருடத்துத் தடியும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரத்தில் நிற்கும். தேவைப்படுவது மூன்று தொடக்கம் ஐந்து வயதுத் தடி.

இளந்தடியில் கணுவைச் சுற்றிப் பழைய பாளை ஒட்டியிருக்கும். தண்டில் விரலை வைத்து இழுத்தால் வெள்ளைப் பூச்சு விரலில் வரும். நிறம் பளிச்சென்ற பச்சை. இதை வெட்டினால் காயும்போது தோல் சுருங்கி வரிவரியாக விழும், பிறகு நூல் போலத் துவளும்.

முற்றிய தடியில் பாளை எல்லாம் உதிர்ந்திருக்கும். வெள்ளைப் பூச்சு போயிருக்கும். பச்சை மங்கி, சாம்பல் நிறப் பொட்டுக்களாகப் பாசி படிந்திருக்கும். கத்தியின் பிடியால் தட்டினால் இளந்தடி 'தொப்' என்று ஈரச் சத்தம் தரும், முற்றிய தடி 'டங்' என்று கணீரென்று சொல்லும். நாலைந்து தடியை அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள், காதுக்கு உடனே பிடிபடும். மிகவும் கிழடாகி மஞ்சள் பாரித்த தடியையும் விடுங்கள், அது வளையாமல் முறியும்.

வெட்டும் காலம் தை கடைசியிலிருந்து மாசி முடிய. எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். அப்போது வெட்டினால் காயாது, கரும்பூஞ்சணம் பிடிக்கும். மாசியில் வெட்டினால் பங்குனி, சித்திரை முழுவதும் காயக் கிடைக்கும்.

வெட்டும்போது நிலத்திலிருந்து முதலாவது அல்லது இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவுக்கு மேலே நீளமாகத் தண்டை விட்டால் அந்தக் குழிக்குள் மழைத்தண்ணீர் தேங்கும், நுளம்பு பெருகும், கிழங்கும் அழுகும். கத்தியால் கொத்தினால் அடி பிளந்துவிடும். கைவாளால் அறுப்பதே நல்லது. முடிவுக்குத் தேவையானதைவிட ஒன்றரை அடி கூடவே விட்டு எடுங்கள், காயும்போது இரு முனைகளும் சற்று வெடிக்கும்.

இலையோடு நிறுத்திவைக்கும் பத்து நாள்

பெரும்பாலானவர்கள் தவறவிடுகிற படி இது. அறுத்த தடியின் கொப்பு, இலை எதையும் கழிக்காமல், பற்றையிலேயே மற்றத் தடிகளின் மீது சாத்தி நிமிர்த்தி நிறுத்துங்கள். அடியில் ஒரு கல்லை வைத்து நிலத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து முதல் பதினாலு நாள் அப்படியே நிற்கட்டும். அறுத்த பிறகும் இலை சில நாள் உயிரோடு இருக்கும்; தண்டிலுள்ள தண்ணீரை இழுத்து வெளியே விடும், சேர்த்துவைத்த மாச்சத்தையும் செலவழிக்கும். மூங்கில் வண்டு தேடி வருவது நாரை அல்ல, அந்த மாச்சத்தைத்தான். இலை பழுத்து உதிரத் தொடங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

மாச்சத்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க, அடியில் ஒரு மெல்லிய வில்லையைச் சீவி அதில் மருந்துக்கடை அயடீன் ஒரு சொட்டு விடுங்கள். கடும் நீலக்கறுப்பானால் மா நிறைய இருக்கிறது, இன்னும் சில நாள் பொறுங்கள். மண்ணிறமாகவே நின்றால் நல்லது.

களப்பில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது பழைய முறை, வேலை செய்யும். ஆனால் தேங்கிய தண்ணீரில் போட்டால் நாறும், கறுக்கும். ஓடுகிற தண்ணீராக இருக்க வேண்டும். எடுத்தபின் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து உப்பைக் கழுவாவிட்டால் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தடி ஒருநாளும் முழுதாகக் காயாது.

காயவைத்தல்

இலையைக் கழித்து, கொப்புகளைச் சத்தகத்தால் (சிறு கத்தி) கணுவோடு ஒட்ட வெட்டுங்கள். மேலிருந்து கீழே இழுத்துப் பிய்த்தால் தோல் நீளமாக உரிந்து வரும். முதலில் கொப்பின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டு மேற்பக்கத்தால் வெட்டுங்கள்.

பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் நெட்டாகத் தொங்கவிடுங்கள். நுனியில் கயிறு கட்டி விறாந்தை வளையிலோ மாமரக் கொப்பிலோ தூக்கி, அடிப்பக்கத்தில் அரைச் செங்கல் ஒன்றைக் கட்டுங்கள். பாரம் இழுத்துக்கொண்டிருப்பதால் தடி தானாகவே ஓரளவு நேராகும். சுவரில் சாத்தி வைத்தால் அந்த வளைவோடு காய்ந்துவிடும், பிறகு நிமிர்த்துவது இரட்டை வேலை.

வெயிலில் போட வேண்டாம். வெளித்தோல் அடர்த்தியானது, உட்பக்கம் ஈரம் கூடியது. வெயிலில் ஒரு பக்கம் விரைவாகக் காய்ந்து சுருங்க, மறுபக்கம் அப்படியே நிற்கும்; அந்த இழுபறியில் தடி நெடுகப் பிளக்கும். சோளகக் காற்று பலமாக அடிக்கிற பக்கத்திலும் இதே பிரச்சினைதான். வெட்டு முனைகள் இரண்டிலும் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினால் முனைவழியாக அவசரமாக ஈரம் போவது நிற்கும்.

ஆறு முதல் எட்டு வாரம். பச்சை போய் வைக்கோல் நிறம் வந்து, தட்டினால் மணிபோலச் சத்தம் கேட்கும்போது காய்ந்திருக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் தராசில் போடுங்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை நிறுத்தும் நிறை மாறவில்லை என்றால் முடிந்தது. பதினொரு அடித் தடி ஒன்று காய்ந்தபின் அரைக் கிலோவுக்குள் வந்துவிடும். விறகடுப்புப் பாவிக்கிற வீடென்றால் கடைசி இரண்டு வாரம் அடுப்புக்கு மேலே பரணில் கிடத்துங்கள். புகை பிடித்த மூங்கிலை வண்டு நாடுவது குறைவு.

வேலைக்கு வேண்டியவை

ஒரு தடிக்கு: நைலோன் வலைநூல் 25 மீற்றர், கைப்பிடிக்கு 3 மி.மீ. பருத்திக் கயிறு 12 மீற்றர், இரண்டு குழாய் எபொக்சிப் பசை ஒரு சோடி, வெளிவேலைக்கான வார்னிஷ் 100 மி.லீ. (இது இரண்டு தடிக்குப் போதும்), வார்னிஷ் கரைக்கும் எண்ணெய் சிறிது, 120 இலக்கமும் 240 இலக்கமுமான அரத்தாள் ஒவ்வொன்று, சிரட்டைக்கரி ஒரு கிலோ. கருவிகளில் கைவாள், சத்தகம், தட்டையான அரம், குறடு, 6 மி.மீ. இரும்புக் கம்பி நாலடி. இவற்றோடு இன்னொன்று: ஒன்றரை அடி நீளமான பூவரசங் கட்டையில் 3 செ.மீ. அகலத்தில் சரிவாக ஒரு பள்ளம் வெட்டி வையுங்கள். நிமிர்த்துவதற்கான நெம்புகோல் அதுதான்.

கணுக்களைச் சீவுதல்

கணுவில் துருத்திக்கொண்டு நிற்கும் விளிம்பை அரத்தால் மெதுவாக ராவுங்கள். விளிம்பு மட்டும்தான். இங்கேதான் பலரும் பிழை விடுகிறார்கள்: தடி முழுவதும் வழுவழுப்பாக வரட்டும் என்று அரத்தாளைப் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். மூங்கிலின் பலத்தில் பெரும்பங்கு வெளித்தோலுக்கு அடுத்துள்ள ஒன்றிரண்டு மில்லிமீற்றரில் இருக்கிறது. நார்கள் அங்கேதான் நெருக்கமாக அடுக்கியிருக்கும், உள்ளே போகப்போக இடைவெளி கூடிப் பஞ்சுபோல ஆகும். வெட்டிய அடிப்பக்கத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள்: ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் நெருங்கி, நடுவை நோக்கி ஐதாகிக்கொண்டு போவது தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நார்க்கட்டு. தோலை உரசி எடுத்தால் பலத்தை உரசி எடுத்ததாகிவிடும். 240 அரத்தாளால் பளபளப்பு மட்டும் போகிற அளவுக்கு ஒரு தடவை துடைத்தால் போதும்; வார்னிஷ் பிடிப்பதற்கு அது காணும்.

தணலில் நிமிர்த்துதல்

முதலில் பாதுகாப்பு. கணுவுக்குக் கணு மூடிய அறைக்குள் காற்றும் கொஞ்ச ஈரமும் அடைபட்டிருக்கும். சூடேறினால் வெடிக்கும். கோறையாக உள்ள அடிப்பக்கத்தில், இரும்புக் கம்பியின் முனையைச் சிவக்கக் காய்ச்சி அடிவழியாகச் செலுத்தி, கம்பி எட்டுகிற மட்டும் கணுச் சவ்வுகளைத் துளைத்துவிடுங்கள். நாலடிக் கம்பியால் முதல் நாலைந்து கணு துளைக்கலாம். அதற்கு மேலே துவாரம் சிறுத்துவிடும். அங்கே அறைகளைத் துளைக்க வேண்டியதில்லை என்றாலும் ஓரிடத்தில் நிறுத்திச் சூடாக்காதீர்கள். முகத்தைத் தடிக்கு நேரே கொண்டுபோகவும் கூடாது. சிறுவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சிரட்டைக்கரியைச் சுவாலை அடங்கும் மட்டும் எரியவிட்டு, செந்தணலாக ஒரு சாண் நீளத்துக்குப் பரப்புங்கள். சுவாலை ஆகாது, கரிபிடிக்கும். தடியை அடிப்பக்கம் பிடித்து ஒற்றைக் கண்ணால் நெடுகப் பாருங்கள். மூங்கில் பெரும்பாலும் கணுவில்தான் கோணியிருக்கும். வளைந்த இடங்களுக்குச் சோக்கால் அடையாளமிட்டு, அடியிலிருந்து நுனியை நோக்கி ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

அடையாளமிட்ட இடத்தைத் தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்தில் தோலில் வியர்வைபோல எண்ணெய்ப்பசை அரும்பும். பழந்துணியால் துடையுங்கள், அந்த மெழுகையே தடி முழுக்கத் தேய்த்தால் நல்ல மினுக்கம் வரும். இன்னும் கொஞ்சம் சூடேறியவுடன் கையில் ஒரு மாற்றம் தெரியும்: விறைப்பாக எதிர்த்துக்கொண்டிருந்த தடி திடீரென்று இணங்கும். அந்த நேரத்தில் பள்ளம் வெட்டிய கட்டையை வளைவில் கொளுவி, நேர்க்கோட்டையும் தாண்டி மறுபக்கம் சற்றே போகும்படி நெம்பி, அப்படியே பிடித்திருங்கள். ஈரத்துணியால் ஒற்றிக் குளிரவைத்தபின் விடுங்கள். கொஞ்சம் திரும்பி வந்து நேரில் நிற்கும்.

இணங்காத தடியைப் பலத்தால் நெம்பினால் கணுவில் 'சடக்' என்று கேட்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் முதல் பெரிய மீனோடு அந்த இடத்தில் போய்விடும். தோல் மண்ணிறமாக மாறத் தொடங்கினால் சூடு மிதமிஞ்சிவிட்டது; அங்கே நார் எரிந்து நொருங்கும் தன்மை வந்துவிடும். முழுத்தடியும் நிமிர ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். ஒரு நாள் விட்டு மறுநாள் மீண்டும் பாருங்கள், ஓரிரு இடம் திரும்பியிருக்கும். நூறு வீதம் நேராக வரவேண்டும் என்று கட்டாயமில்லை. விரற்கடை வளைவு மீனுக்குத் தெரியாது.

நூற்கட்டு

மூங்கில் குறுக்கே முறிவதைவிட நெடுகப் பிளப்பதே அதிகம். அதைத் தடுப்பது நூற்கட்டு. ஒவ்வொரு கணுவுக்கும் இருபுறமும், கோறைத் தடியென்றால் இரு கணுக்களுக்கு நடுவிலும், ஒரு செ.மீ. அகலத்தில் கட்டு வேண்டும்.

முடிச்சுப் போடாமல் கட்டுகிற முறை இது. நூலின் முனையைத் தடியின் நீளவாக்கில் கிடத்துங்கள். அதற்கு மேலேயே நூலைச் சுற்றத் தொடங்குங்கள். எட்டுச் சுற்றில் முனை தன் சுற்றுக்குள்ளேயே இறுகிவிடும். மிஞ்சிய முனையை வெட்டிவிட்டுத் தொடர்ந்து, சுற்றோடு சுற்று உரசும்படி நெருக்கமாகச் சுற்றுங்கள். முடிய இன்னும் ஆறு சுற்று இருக்கும்போது, வேறொரு துண்டு நூலை இரட்டையாக மடித்து, மடிப்பு முன்னே நீட்டிக்கொண்டிருக்க, தடிமேல் கிடத்துங்கள். அதற்கு மேலே கடைசி ஆறு சுற்றையும் போடுங்கள். இப்போது சுற்றும் நூலை வெட்டி, அதன் முனையை அந்த மடிப்பின் கண்ணுக்குள் நுழைத்து, மடித்த நூலின் இரு வாலையும் பிடித்து இழுங்கள். முனை ஆறு சுற்றுக்கும் அடியால் புகுந்து மறுபக்கம் வரும். இறுக்கி, ஒட்ட வெட்டுங்கள். விரலால் தடவினால் எங்கே முடிந்தது என்றே தெரியாது, தங்கூசியும் (தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நரம்பு) அதில் சிக்காது.

நூலை இழுப்பில் வைத்திருப்பது முக்கியம். நூற்கண்டை ஒரு கனத்த புத்தகத்துக்குள் வைத்து நூலை அதனூடாக எடுத்தால், தடியை உருட்ட உருட்ட ஒரே இழுப்பில் வரும். தளர்ந்த கட்டு வெறும் அலங்காரம்தான்.

நுனி

5 அல்லது 6 மி.மீ. குறுக்களவு வருகிற இடத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே அறுங்கள். கணுப் புடைப்பு கட்டை நழுவவிடாமல் தடுக்கும். 10 செ.மீ. வலைநூலை இரட்டையாக மடித்து, ஒன்றரை செ.மீ. கண்ணி வெளியே நீட்டி நிற்க, மிச்சத்தை நுனியில் கிடத்தி, 4 செ.மீ. நீளத்துக்கு மேலே சொன்ன கட்டைப் போடுங்கள். எபொக்சியைச் சம பங்காகக் குழைத்து கட்டின்மேல் மெல்லிதாகத் தடவுங்கள். கண்ணியில் படக்கூடாது, படிந்தால் விறைத்து அரிந்துவிடும்.

கைப்பிடி

தடியின் சமநிலை எங்கே என்று முதலில் விரலில் வைத்துப் பாருங்கள். அடிக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு கை நோகாது. அடியிலிருந்து 40 செ.மீ. பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் கை வழுக்காது. பழைய சைக்கிள் ரியூப்பை இழுத்துச் சுற்றுவதும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உள்ளே ஈரம் தங்கி மூங்கில் கறுக்கும். கயிறே மேல். திறந்த அடித்துவாரத்தை ஒரு மரக்குச்சியால் பசை தடவி அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு குடிபுகும்.

இரண்டு துண்டாக்க வேண்டுமென்றால்

பதினொரு அடித் தடியைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, சைக்கிளில் கொண்டுபோனாலும் சந்திக்குச் சந்தி ஆபத்து. வேறு வழியில்லாவிட்டால் மட்டும் வெட்டுங்கள். இணைப்பு வைத்த தடியில் நடுப்பகுதி வளையாது. ஒற்றைத் தடியின் உயிர் அதில் வராது.

வெட்டும் இடத்துக்கு இரு புறமும் 3, 4 செ.மீ. தூரத்துக்குள் கணு இருக்கும்படி தெரிவு செய்யுங்கள். கணு இல்லாத கோறை முனை இணைப்புக்குள் பிளந்துவிடும். இரண்டு முனைத் துவாரத்திலும் 8 செ.மீ. மரக்குச்சி பசையோடு இறக்குங்கள். இணைப்புக்குப் பழைய ரீவி அன்ரனாவின் அலுமினியக் குழாய் அருமையாகப் பொருந்தும், துருப்பிடிக்காது. 10 செ.மீ. துண்டு எடுத்து, பாதியைக் கீழ்த்தடியில் எபொக்சியால் ஒட்டுங்கள். மேல்தடி மறுபாதிக்குள் இறுக்கமாக இறங்க வேண்டும். தளர்ந்தால் நூல் சுற்றி மொத்தமாக்குங்கள். இறுகினால் வேறு குழாய் தேடுங்கள். தோலைச் சீவிப் பொருத்தாதீர்கள். போடும்போது மெழுகுதிரியை ஒருமுறை தேய்த்துவிட்டால் வீட்டுக்கு வரும்போது கழற்றச் சண்டை பிடிக்க வேண்டியிராது.

வார்னிஷ்

முதல் பூச்சைக் கரைப்பெண்ணெயோடு சமபங்கு சேர்த்துத் தண்ணீர்போலப் பூசுங்கள். அது கட்டுக்குள்ளும் கணுவின் நுண்வெடிப்புக்குள்ளும் ஊறும். அடுத்த இரண்டு பூச்சும் கரைக்காமல், மெல்லிதாக. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு முழு நாளும், 240 அரத்தாளால் ஒரு மெல்லிய துடைப்பும். காலை பத்து மணிக்குப் பிறகு, பனியீரம் போனபின் பூசுங்கள். மழைக்குணமுள்ள நாளில் பூசினால் வார்னிஷ் வெள்ளை பாரிக்கும். மொத்தமாக ஒரே பூச்சாகப் போட்டால் தடி வளைகிற ஒவ்வொரு தடவையும் அது கண்ணாடிபோல வெடித்து, அந்த வெடிப்பால் உப்புத்தண்ணீர் இறங்கும்.

தங்கூசி கட்டுதல்

நுனிக் கண்ணியில் மட்டும் தங்கூசியைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். கைப்பிடிக்கு மேலே தடியில் இறுக்கிக் கட்டி, தடியோடு நெடுகக் கொண்டுவந்து, மூன்று இடத்தில் நூலால் தளர்வாகப் பிடித்து, நுனிக் கண்ணியால் நுழைத்து, அங்கே இரண்டு அரைமுடிச்சுப் போட்டு வெளியே விடுங்கள். நுனி முறிந்தாலும் மீனும் தங்கூசியும் கையில் இருக்கும். நுனியில் மட்டும் கட்டியவர்கள் முறிந்த நுனி சாதாழைக்குள் (கடற்புல்) இழுபட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

நுனிக்கு வெளியே விடுகிற நீளம் தடியின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருக்கட்டும். அப்போது தடியை நிமிர்த்தினால் தூண்டில் முள் நேராக உங்கள் மற்றக் கைக்கு வரும்.

திரளி, மணலை, ஓரா போன்றவற்றுக்கு 0.25 மி.மீ. தங்கூசியும் 8 தொடக்கம் 10 இலக்க முள்ளும். விளை, சிறு கலவாய், பாரைக் குஞ்சு வருகிற இடத்தில் 0.35 மி.மீ., 4 தொடக்கம் 6 இலக்கம். இலக்கம் கூடக்கூட முள் சிறிது என்பதை நினைவில் வையுங்கள். வன்னிக் குளத்து ஜப்பான் மீனுக்கு (திலாப்பியா) 8 இலக்கமும் மண்புழுவும் போதும். இதைவிடத் தடித்த தங்கூசி போடாதீர்கள்: கல்லில் மாட்டும்போது முதலில் அறவேண்டியது தங்கூசி, தடி அல்ல.

முள்ளைக் கட்டும்போது, முள்ளின் கண்ணுக்குள் நுழைத்த முனையைப் பிரதான தங்கூசியைச் சுற்றி ஆறு முறை முறுக்கி, கண்ணுக்கு அருகில் உண்டான சிறு வளையத்துக்குள் திருப்பி நுழையுங்கள். எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் தங்கூசி சுருண்டு பலம் குறையும். முள்ளிலிருந்து ஒரு சாணுக்கு மேலே 2 அல்லது 3 கிராம் ஈயம். மிதப்புக்கு முள்முருக்கங் கட்டையைச் சுண்டுவிரல் அளவில் சீவி வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) துண்டைவிட நீண்ட நாள் உழைக்கும், உடைந்து கடலில் சிதறவும் மாட்டாது. களப்பில் சாதாழைக்கு ஒரு சாண் மேலே இரை நிற்கும்படி மிதப்பை ஏற்றி இறக்குங்கள்.

கடலுக்குப் போகமுன் சோதனை

அடிப்பக்க 40 செ.மீ.யை மேசையில் கட்டி, நுனியில் கால் கிலோ பாரம் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று வளைவைப் பாருங்கள். நுனியிலிருந்து நடு வரை ஒரே ஒழுங்கில் வளைய வேண்டும். ஓரிடத்தில் முழங்கை மடித்ததுபோல மூலை விழுந்தால் அங்கே பலவீனம். நிமிர்த்தும்போது கணு நொந்திருக்கும். அந்த இடத்தில் 5 செ.மீ. நீளக் கட்டும் எபொக்சியும் போடலாம், ஆனால் அதைச் சிறு மீனுக்கே வைத்துக்கொள்ளுங்கள். தடியை உருட்டி நாலு பக்கமும் இதேபோலப் பாருங்கள். ஒரு பக்கம் மற்றப் பக்கங்களைவிட விறைப்பாக இருக்கும். மீன் இழுக்கும்போது அந்தப் பக்கம் மேலே நிற்கும்படி கைப்பிடியில் ஒரு பொட்டு வையுங்கள்.

அடுத்து, சோடாப் போத்தலில் அரை லீற்றர் தண்ணீர் நிரப்பித் தங்கூசியில் கட்டி மெதுவாகத் தூக்குங்கள். வெடிச்சத்தம் ஏதும் இல்லாமல் தூக்கினால் தடி சரி. நேரே தூக்குகிற எல்லையும் அதுதான். அதைவிடப் பெரிய மீனைத் தண்ணீரிலேயே களைக்கவிட்டு அத்தாங்கால் அள்ளுங்கள்.

பாவித்தபின்

ஒவ்வொரு முறையும் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, துடைத்து, நிழலில் நெட்டாகத் தொங்கவிடுங்கள். மூலையில் சாத்தினால் இரண்டு வாரத்தில் வில்லாகும். வளைந்துவிட்டால் மீண்டும் தணல் காட்டி நிமிர்த்தலாம், ஆனால் வார்னிஷ் எரியும்; சுரண்டிவிட்டுத்தான் காட்ட வேண்டும். கல்லில் முள் மாட்டினால் தடியால் இழுக்காதீர்கள். தடியைத் தங்கூசிக்கு நேரே நீட்டி, கையில் துணி சுற்றித் தங்கூசியைப் பிடித்து இழுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்க முன்னர், கட்டுகளைப் பார்த்து ஒரு பூச்சு வார்னிஷ் போடுங்கள். தடிக்குக் கீழே நிலத்தில் மாத்தூள் கண்டால் துளையைத் தேடி, ஊசிமருந்துக் குழாயால் மண்ணெண்ணெய் செலுத்தி, ஒரு வாரம் கழித்து மெழுகால் அடையுங்கள்.

நனைந்த மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே தடியை நிமிர்த்தாதீர்கள். ஐப்பசியில் வானம் இடிக்கத் தொடங்கினால் தடியைக் கிடத்திவிட்டுக் கரையேறுங்கள். ஓராவைக் கழற்றும்போது துணியால் பிடியுங்கள். அதன் முள்ளில் நஞ்சு உண்டு, குத்தினால் கடுகடுக்கும். கையைத் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்தால் கடுப்பு இறங்கும். வீக்கம் ஏறிக்கொண்டே போனால் ஆசுபத்திரிக்குப் போங்கள்.